மாமா அவதூதர் ஆன வாரம்

போன பிரதோஷத்துக்கு வாலிகண்டபுரம் சிவன் கோவிலில் சொற்பொழிவு. அவதூதர் என்றால் எல்லாவற்றையும் உதறியவர் என்று ஐயா பொருள் சொன்னார். உடுத்திய துணியும் பாரமென்று விட்ட ஞானிகள் அந்தக் காலத்தில் இருந்தார்களாம். எல்லோரோடும் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனசு மட்டும் மாமாவிடம் போய்விட்டது. அந்தச் சொல்லை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

மாமா, அம்மாவின் தம்பி. பெரம்பலூர்-அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். வேப்பந்தட்டையில் எங்களோடுதான் இருந்தார். நான் இரண்டாவதோ மூன்றாவதோ படித்தேன். அரியலூரில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் போனவர் சாப்பிடாமலே திரும்பி வந்தார். மறுநாள் காலை, தான் அவதூதர் ஆகப்போவதாகச் சொல்லிவிட்டார்.

செல்போனையும் பைக் சாவியையும் அப்பாவிடம் கொடுத்தார். சந்தோஷத்தை மறைக்க அப்பா பட்ட பாடு பெரும்பாடு. சட்டை, செருப்பு, சீப்பு எல்லாம் போயின. வேட்டியில் மட்டும் அம்மா கண்டிப்பாக இருந்தாள்.

"பொம்பளப் புள்ள இருக்குற வூடுடா. ஒன் ஞானமெல்லாம் வேட்டிக்கு மேலயே நிக்கட்டும்."

கண்டக்டர் பை எனக்கு வந்தது. அதன் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி கிளிப் கிடந்தது. ஆசையாகத் தலையில் குத்திக்கொண்டேன். மாமா பார்த்தார். மெல்லக் கழற்றித் தன் மடியில் செருகிக்கொண்டார்.

அப்புறம் வாலிகண்டபுரம் போய்க் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். காசிக்குப் போகிற சாமியார்களோடு கிளம்பிவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். தயிர்சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். இனிமேல் பெண் பார்க்கிற பேச்சே எடுக்கமாட்டேன் என்று கும்பிட்டு அழுதாள். அவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பிரகாரம் சுற்றப் போன நேரத்தில் நான் கேட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்துட்டீங்க, அந்தக் கிளிப்ப மட்டும் ஏன் மாமா வெச்சிருக்கீங்க?"

"அத ஒண்ண உதற முடியலன்னுதான் பாப்பா, மத்ததெல்லாம் உதறிப் பாத்தேன்."

அன்றைக்குத் தயிர்சோறு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார். எங்களோடேயே வீட்டுக்கும் வந்துவிட்டார். அப்பா சாவியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மா சிவனுக்குத் தேங்காய் உடைத்தாள். பஸ்ஸில் பழையபடி மாமாவின் விசில் கேட்டது.

வீட்டில் எனக்கு மட்டும்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டார், இன்னும் ஒரே ஒரு கிளிப்தானே பாக்கி, அதை எனக்குக் கொடுத்திருந்தால் மாமா முழு அவதூதர் ஆகியிருப்பாரே என்று.