முளைகட்டிய புல்விதை

மொன்றியலில் நான் போட்ட முதல் புல்தரை ஒரே இரவில் செத்தது. தப்பு முழுக்க என்னுடையது.

எழுபதுகளின் தொடக்கம். நகரின் ஓரத்தில் லாசால் பகுதியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளைச் சுற்றிப் புல் வளர்க்கும் வேலை. கோயம்புத்தூரில் விவசாயம் படித்த பையன் என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் எஞ்சினியர் சேஷாத்ரி சார். மே மாதம் வரை ப்ரொபேஷன். வேலை நிரந்தரமானால்தான் ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட முடியும்.

இங்கே புல் விதைக்க நல்ல சமயம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். கட்டட வேலை இழுத்தடித்து, மண் என் கைக்கு வந்தபோது அக்டோபர் பாதி. ஃபோர்மன் மார்செல் பாதி ஃப்ரெஞ்சும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னார்: "ஒரு மாசம் பொறு. மண்ணு நல்லா குளிரட்டும். அப்பதான் விதை முளைக்காம பனிக்கடியில தூங்கி, வசந்தத்துல எழும்."

எனக்கா பொறுமை? நெல்லுக்குச் செய்வதுபோல விதையைச் சாக்கில் கட்டி நனைத்து, பாய்லர் ரூமில் வைத்து முளைகட்டித் தூவினேன். ஒரே வாரத்தில் பச்சை. சேஷாத்ரி சார் காரை நிறுத்திப் பார்த்து, "பேஷ், என் மானத்தைக் காப்பாத்திட்டே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே கடும் உறைபனி. காலையில் போனால் அத்தனையும் கருகிக் கிடந்தது.

"தூங்குற விதையை எழுப்பிவிட்டுட்டே. அது எங்கே போய் ஒதுங்கும்?" என்றார் மார்செல், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் தேவலை.

சேஷாத்ரி சார் திட்டினார். "ஆபீஸ்ல என் தலை உருளறது. மே மாசம் புல் இல்லேன்னா உனக்காக நான் வாயே திறக்க மாட்டேன்."

நவம்பர் நடுவில், மண்ணில் விரல் வைத்தால் விறைக்கும் என்ற நிலை வந்ததும், காய்ந்த விதையை அப்படியே தூவி ரேக்கால் லேசாகக் கீறிவிட்டோம். சில நாளில் பனி விழுந்து மூடியது. குளிர்காலம் முழுக்க அதே வாசல்களில் பனி வாரினேன். ஒரு நாள்கூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

ஏப்ரலில் பனி கரைந்தது. வெறும் சேறு. தினமும் போய்ப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. மே முதல் வாரத்தில் மார்செல் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "நின்னு பார்க்காதே, குந்திப் பார்" என்றார். குந்திப் பார்த்தால் தரை முழுக்கப் பூனைமுடி மாதிரி மெல்லிய பச்சை. அப்பாடா என்று அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு, அது மேலேயே உட்கார்ந்திருக்கே" என்றார் மார்செல்.

அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. டிக்கெட் எடுக்கச் சொல்லி மனைவிக்குத் தந்தி கொடுத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். செப்டம்பரைத் தவறவிட்டால் மண் நன்றாகக் குளிரும்வரை விதைப் பையைப் பிரிக்காதீர்கள். உங்கள் வேலை போய்விடுமோ என்ற பயமெல்லாம் விதைக்குத் தெரியாது. அது மண்ணின் சூட்டை மட்டும்தான் பார்க்கும்.