இருபது முகப் பகடைக்கு நான் சொன்ன விதி

ஹட்டனில் ஒரு பேக்கரி, கினிகத்தேனையில் அதற்கொரு கிளை, மண் சரிந்துகொண்டேயிருந்த மேட்டில் மூன்று மாடிக் கட்டடம், அதைத் தாங்கும் கருங்கல் மதில். அத்தனையும் கட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அந்த மதில் நிற்காது என்று படித்த இன்ஜினியர் ஒருவர் எழுதியே கொடுத்தார். மதில் நிற்கிறது, இன்ஜினியர்தான் மாற்றலாகிப் போய்விட்டார். கல்லும் சீமெந்தும் பிறகு வந்தவை. முதலில் இருந்தது என் வாய். கரண்ட் கம்பியை மேடு ஏற்றியதும் அந்த வாய்தான்.

அந்த வாய் ஒரே ஒரு நாள் தோற்றது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலிருந்தும் நான் ஒன்றைக் கட்டினேன்.

டீச்சராக இருக்கும் என் இரண்டாவது மகளும் அவளுடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் ஞாயிறு மத்தியானம் எங்கள் மேல்மாடியில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். மகள் கதையை நடத்துவாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வேஷத்தின் பலம், புத்தி, பேச்சு எல்லாம் ஒரு தாளில் இலக்கமாக இருக்கும். காரியம் கைகூடுமா என்று தெரியாத இடத்தில் இருபது முகமுள்ள பகடையை உருட்டி, தாளிலுள்ள இலக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மகள் கேட்கிற இலக்கத்தை எட்டினால் காரியம் கைகூடும்.

ஒரு ஞாயிறு ஓர் ஆள் வரவில்லை. பேக்கரியிலிருந்து பனிஸ் ரொட்டித் தட்டோடு மேலே போன என்னை உட்காரவைத்து அவருடைய தாளைக் கொடுத்தார்கள். மூட்டை தூக்குகிற வேஷம். பலம் கூட்டல் நாலு. பேச்சு கழித்தல் இரண்டு.

"யாருக்குப் பேச்சு கழித்தல்?" என்றேன்.

"ஒங்களுக்கு இல்லப்பா. மூட்டக்காரனுக்கு," என்றாள் மகள்.

கதையில் நாங்கள் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். கொட்டுகிற மழையில் ஒரு காவல்காரன் மறித்து நிற்கிறான். அவனோடு பேச வேண்டியது தூதுவர் வேஷம் போட்ட சிநேகிதி. அவள் தாளில் பேச்சு கூட்டல் ஐந்து. நிஜத்தில் அவள் கந்தோர் ஒன்றில் கிளார்க். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்துவிடும். "ஐயா, நாங்க..." என்று தொடங்கி நின்றாள்.

நான் விடுவேனா? எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, "ஆயுபோவன் மாத்தயா!" என்று ஆரம்பித்தேன். காவல்காரனின் வீட்டார் சுகத்தைச் சிங்களத்தில் விசாரித்து, மீன் வைத்த மாலுபனிஸ் இரண்டையும் நீட்டினேன்.

"அப்பா, இது கற்பனை நாடு. இங்க சிங்களமும் இல்ல, மாலுபனிசும் இல்ல."

"மாலுபனிஸ் இல்லாத நாட்டுக்குக் காவல் ஒரு கேடா?"

"உருட்டுங்கப்பா."

உருட்டினேன். மூன்று. இரண்டைக் கழித்தால் ஒன்று. காவல்காரன் என்னை ஆற்றில் தள்ளிவிட்டானாம்.

"இந்தப் பேச்சுக்கா ஒண்ணு? இதே பேச்சுலதான் கரண்டையே கொண்டாந்தேன்!" என்று நான் குதித்தேன். இன்னொரு சிநேகிதர் என் பக்கம் சேர்ந்தார். "மாமா நல்லாத்தானே பேசினாங்க, விட்ருவோமே." மகளும் இறங்கி வந்து பாலத்தைத் திறந்துவிட்டாள்.

கிளார்க் பிள்ளை தன் தாளை நாலாக மடித்தாள்.

"அப்ப எனக்கு இந்த அஞ்சு எதுக்கு? வெளியிலயும் பேசத் தெரிஞ்சவங்கதான் பேசுறாங்க. இங்கயும் அப்பிடித்தான்னா, அடுத்த கிழமையிலருந்து நான் வரலீங்க மாமா."

இரண்டு வருஷமாக வருகிற பிள்ளை. இத்தனை வார்த்தை அவள் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

அப்போதுதான் என் அம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டம் ஞாபகம் வந்தது. அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த யாரும் தோட்டத் துரையிடம் நேரே பேச மாட்டார்கள். கீழ் அதிகாரியான கண்டாக்கையாவிடம் "லயத்துக் கூரை ஒழுகுதுங்க, தகரம் வேணுங்க" என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். அதை அவர் துரைக்கு இங்கிலீஷில் நீட்டி முழக்குவார். கண்டாக்கையா நல்ல மனநிலையில் இருந்தால் தகரம் வரும். இல்லாவிட்டால் மழை வரும்.

"இங்க பகடதான் கண்டாக்கையா," என்றேன். "என்ன வேணும், அதுக்குப் பதிலா என்ன செய்வோம், இந்த ரெண்ட மட்டும் ஆளு சொல்லட்டும். அத அழகாச் சொல்றது பகடையோட வேல. ஜோராப் பேசுறவனுக்கு ஒண்ணும் கூட்டாத. ஆனா காவக்காரனுக்கு நெசமாவே தேவையான ஒண்ணச் சொன்னா, எடுக்க வேண்டிய இலக்கத்தக் கொறச்சிடு."

"அப்ப நீங்க பாலத்தத் தாண்டினது செல்லாதுப்பா."

"செல்லாது. ஆத்துலயே கெடக்கேன்."

பிள்ளை தாளைப் பிரித்தாள். மெல்லச் சொன்னாள்: "பாலத்தக் கடக்கணும். அவரு மழையில தனியா நிக்கிறாரு. திரும்பி வரும்போது ஒரு நாள் அவருக்குப் பதிலா நாங்க நிக்கிறோம். அவரு வீட்டுக்குப் போய்ட்டு வரட்டும்."

எனக்கு அது தோன்றவில்லை. எனக்குப் பனிஸ்தான் தோன்றியது.

"பதினஞ்சு கேட்டிருப்பேன். இதுக்குப் பத்து போதும்," என்றாள் மகள்.

ஆறு விழுந்தது. ஐந்தைக் கூட்டிப் பதினொன்று. பிள்ளை மேசையில் அறைந்த அறையில் என் தேத்தண்ணி கொட்டியது.

"மாமா, ஆத்தவிட்டு வாங்க. மூட்டை தூக்க ஆளில்ல," என்றாள்.

அவள் இன்றும் வருகிறாள். மகளும் சிநேகிதர்களும் அந்த விதியையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஆடுகிறவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். விதிக்குக் 'கண்டாக்கையா விதி' என்று பெயர். என்னைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்: 'இடமும் பனிசும் தந்த அப்பாவுக்கு நன்றி.' பனிஸ் யாரும் தரலாம். எங்கள் கூரைக்குத் தகரம் தராத கண்டாக்கையாவுக்கு விதியில் இடம், கண்டுபிடித்த எனக்கு இல்லையா?

ஆகவே விதிப்படியே கேட்கிறேன். வேண்டியது: அடுத்த அச்சில் அந்த விதிக்குக் கீழே என் முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. பதிலுக்கு: ஞாயிற்றுப் பனிஸ் நிற்காது. இதற்குப் பகடை உருட்டச் சொன்னால் உருட்ட மாட்டேன்.