கயிறு மட்டும் திரும்பி வந்த வாரம்

பிள்ளைகளே, நீங்கள் என்ன படிக்க வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வார். கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொல்வார். அவர்கள் கடைசியாக முழுசாகப் படித்தது தங்கள் கல்யாணப் பத்திரிகையாக இருக்கும். அதிலும் பெயரில் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் நானும் ஒருவன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை விடாமல் எழுதியும், கணக்குக்குக் கடைசிவரை என்னைப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட தகுதியோடு சொல்கிறேன்: விண்வெளிக் கதை படியுங்கள், சாகசக் கதை படியுங்கள். எந்தப் புத்தகம் என்று உடனே கேட்காதீர்கள். அதற்கு என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் லிங்கராஜபுரத்தில் குடியிருந்தோம். எனக்கு வேலை ஹெப்பகோடியில், வால்வு செய்கிற கம்பெனியில், மிஷின் ஆபரேட்டர். ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கம்பெனி பஸ். போகும்போது படிப்பேன், வரும்போது தூங்குவேன். என் கல்வி முழுவதும் அந்த பஸ்ஸில்தான் நடந்தது.

மகள் ஐந்தாவது. இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் தமிழில் பேசுவாள், தமிழில் சண்டை போடுவாள், தமிழில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. என் மனைவி இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ்ப் பத்திரிகையை அவள் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுக்கத்தான் உபயோகிப்பாள். அதைக் குறை சொல்ல முடியாது, எண்ணெயை நன்றாகவே இழுக்கும். ஆக, நான் படிக்கிறதை அந்த வீட்டில் வேறு யாரும் படிக்க முடியாது. மகள் படிக்கிற இங்கிலீஷ் கதைகளில் எனக்கு அட்டைப்படத்துக்கு மேல் புரியாது. ஒரே அறையில் குடியிருந்து, ஆளுக்கொரு புத்தகத்தில் மூழ்கி, இது என்ன என்று காட்டக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருப்போம். எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. அவளாகத் தமிழில் ஒரு கதையைப் படித்துவிட்டு என்னோடு அதைப் பற்றிப் பேச வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இதை வெளியே சொன்னது தப்பாகப் போயிற்று. என் மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன், எங்களுக்குப் புத்தி சொல்வதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். சும்மா சொல்லக் கூடாது, சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வான்.

"தமிழ் படிச்சு என்ன மாமா ஆகப் போகுது? ஃப்யூச்சரைப் பாருங்க" என்றான்.

மச்சானுடைய ஃப்யூச்சர் அமெரிக்காவில் இருந்தது. அது இவனுக்காக அங்கே காத்திருந்தது. இவன் இங்கே விசாவுக்காகக் காத்திருந்தான். நான் பிடிவாதம் பிடித்ததால் கொஞ்சம் இறங்கி வந்தான். ஓசூருக்குப் போய்த் திரும்பும்போது அத்திபெலே பஸ் ஸ்டாண்டில் சிறுவர்களுக்கான நற்பழக்கப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை காலையில் எழும், பல் துலக்கும், பொய் சொல்லாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கும். கடைசிப் பக்கம்வரை அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் நடக்காது. மகள் இரண்டு படம் பார்த்துவிட்டு அதை அலமாரியில் வைத்தாள். மாதக்கணக்கில் அந்தப் புத்தகம் கசங்காமல், அழுக்காகாமல், தன்னுடைய உபதேசத்தைத் தானே கடைப்பிடித்துக்கொண்டு நின்றது.

எனக்குப் புத்தகக் கடை என்றால் பழைய பேப்பர் கடைதான். அங்கேதான் அந்தத் தொகுப்பு கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு விண்வெளித் தொடர்கதையை யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, புடவைப் பெட்டி அட்டையை மேலே ஒட்டியிருந்தார்கள். முதல் சில பக்கங்கள் இல்லை, மற்ற வாரங்களிலும் எண்ணை மட்டும் விட்டுத் தலைப்பை வெட்டியிருந்தார்கள்; அதனால் கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. சில பக்கங்களின் பின்புறம் பாதி வத்தக்குழம்பு, தலைமுடி வளரும் எண்ணெய். கடைக்காரர் தராசில் போட்டுக் கொடுத்தார். இலக்கியத்துக்கு ஒரு எடை உண்டு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நானும் அதை முன்னால் படித்ததில்லை. அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு நாளைக்கு ஒரு வாரத்துப் பகுதி என்று. கதை இதுதான். ஒரு விண்கலம் பழுதாகி, தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிற ஒரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே ஒரு குகை. கேப்டன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறார். மேலே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நேரமாகிறது. இழுத்துப் பார்க்கிறார்கள். கயிறு மட்டும் திரும்பி வருகிறது. நுனி கத்தியால் அறுத்ததுபோல் இருக்கிறது. தொடரும்.

மகள் அன்று சாப்பிடவே இல்லை. யார் அறுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு வாரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பெரியவர்களுக்குக் கறாராக இருக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

மறுநாள் கம்பெனியில் என்னை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆர்டர் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் எழுவதற்குள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். கேப்டனைக் குகைக்குள் விட்டுவிட்டு நான் ஹெப்பகோடியில் வால்வு கடைந்துகொண்டிருந்தேன். தொகுப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அவளில்லாமல் நான் மட்டும் மேலே படிப்பது அநியாயம் என்று தோன்றியது. அவளால் படிக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு லீவு கிடைத்தது. தொகுப்பை எடுத்து, மகளைக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமினேன்.

"பேடா போப்பா, வேணாம். அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாள்.

என்ன முடிந்தது என்று கேட்டேன். கதை முடிந்ததாம். கடைசிவரை தானே படித்துவிட்டாளாம். நான் சிரித்தேன். அவள் தொகுப்பைப் பிடுங்கி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி, ஆனால் நிற்காமல் படித்தாள். தமிழில் 'ப'வுக்கு ஒரே எழுத்துதானா, கன்னடத்தில் நாலு இருக்கிறதே, உங்கள் ஆட்கள் என்ன இவ்வளவு கஞ்சம் என்று நடுவில் ஒரு குறையும் சொன்னாள்.

எப்படிப் படித்தாள் என்று மனைவிதான் காட்டினாள். அலமாரியிலிருந்து மச்சானின் நற்பழக்கப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் எழுத்துக்கொரு படம் போட்டு எழுத்து அட்டவணை இருந்தது. அந்த ஒரு பக்கம் மட்டும் கசங்கி, அழுக்காகி, ஓரத்தில் சாம்பார் பட்டு, ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் பென்சிலில் கன்னட எழுத்து எழுதிக் கிடந்தது. மற்ற பக்கங்கள் அப்படியே பளபளவென்று இருந்தன. நல்ல பிள்ளை இன்னும் பல் துலக்கிக்கொண்டுதான் இருந்தது.

"ரெண்டு வாரமா சோறு போட்டு வெச்சாலும் வரல. கேப்டன் உள்ளயே இருக்காராம்" என்றாள் மனைவி.

மகிழ்ச்சியைக் காட்டினால் அப்பாவுக்கு மரியாதை குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அதனால் விறைப்பாக, "சரி, கயிறை யார் அறுத்தது?" என்று கேட்டேன்.

"நீயே படிச்சுக்கோ. என்னை அப்படித்தானே வுட்டுட்டுப் போனே."

நியாயமான பேச்சு. மத்தியானம் பிரியாணியில் என் பங்கு நல்லி எலும்பை அவள் தட்டுக்கு மாற்றிய பிறகுதான் மனம் இறங்கினாள்.

"அவங்க கயிறையே பார்த்ததில்லப்பா, அந்தக் குகை ஆளுங்க. ஏதோ மிருகம் கேப்டனை இடுப்புல புடிச்சுட்டிருக்குன்னு நினைச்சு அறுத்து வுட்டுட்டாங்க. காப்பாத்துறாங்களாம். அப்ப கத்தி கைல பட்டுடுச்சு. கேப்டன் திட்டுறாரு, அவங்க என்னடான்னா தேங்க்ஸ் சொல்றாருன்னு நினைச்சு குஷியா கை தட்டுறாங்க."

சோபாவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த மச்சான், "பாத்தீங்களா மாமா, நான் வாங்கிக் குடுத்த புக்லதான் தமிழ் கத்துக்கிச்சு" என்றான். மறுக்க முடியவில்லை. அது உண்மை.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். தொகுப்பைக் கம்பெனி பஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். கயிறு திரும்பி வந்த பக்கத்தைப் பிடித்து அதற்கடுத்த வாரத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் கேப்டன் விண்கலத்துக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இடது கையில் கட்டு. யாரும் குகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். பின்னால் போனேன், முன்னால் வந்தேன். குகை ஆட்களைக் காணோம். கத்தியைக் காணோம். கை தட்டலைக் காணோம். கடைசியில் ஒவ்வொரு வாரத்துக்கும் மேலே போட்டிருக்கிற எண்ணைப் பார்த்தேன். நடுவில் ஒரு எண் இல்லை. தைத்த புண்ணியவானுக்கு அந்த வாரம் பத்திரிகை கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஹெப்பகோடி வரும்வரை மேலே படிக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சாயந்திரம் மகளிடம் தொகுப்பை நீட்டி, அந்த ஆட்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், காட்டு என்றேன். அவள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"அந்த வாரத்தை யாரோ தொலைச்சுட்டாங்க. அதுக்காக கேப்டன் உள்ளயே கிடக்கணுமா?"

கதை முழுவதையும் பிறகு நான் படித்து முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார் அந்தப் பெயர் தெரியாதவர். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வாரம் அதில் அச்சாகவில்லை.

எனவே பிள்ளைகளே, எந்தப் புத்தகம் என்று கேட்டீர்களே, எனக்குப் பெயர் தெரியாது என்பதுதான் பதில். என் மகளிடம் கேட்டால் ஒருவேளை சொல்வாள். அதற்கடுத்த ஞாயிறு அவளையும் பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிப்போனேன். இதேபோல் தைத்த கட்டுகள் இன்னும் சில வந்திருந்தன. அவள் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை எண் பார்த்துப் புரட்டினாள். கடைக்காரர் அவள் கையிலிருந்த கட்டைக் காட்டிப் பெருமையாக, "பாத்துக்கோம்மா, எதுவும் குறையாது, எல்லா வாரமும் கரெக்டா இருக்கும்" என்றார்.

அவள் அந்தக் கட்டைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.