கடைசி மூன்று எண்கள்

என் பெரியக்காவின் கணவரை எங்கள் வீட்டில் சீல் மாமா என்றுதான் சொல்வோம். மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மீட்டர் சோதனை செய்தவர். எந்த வீட்டு மீட்டரில் ஈய சீல் அசைந்திருக்கிறது, எந்தக் கடைக்காரர் கம்பியை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே வேலை. ஓய்வு பெற்ற அன்று சீல் வைக்கும் இடுக்கியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். சந்தேகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்ப்பார். கடைக்காரர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்பார். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான் என்பார். இந்த மனுஷனோடு அக்கா எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அப்படிப்பட்டவர் நாற்பது வயதான ஒரு கார் வாங்கினார். வெளியாள் என்றால் ஏமாற்றிவிடுவான் என்று சொந்தத்திலேயே வாங்கினார். விற்றவர் என் சின்னக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். நீல நிறக் கார், உருண்டை விளக்கு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். ஒன்பது வருடம் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர், திடீரென்று பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கியிருப்பார்கள். எங்கள் மாமா தானமாக வந்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வர்க்கம்.

வாங்கிய மறுவாரமே என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். எஞ்சின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து, எண்ணைப் படியெடுத்து வைத்திருந்தார்.

"இங்க பாரு மாப்ள. முதல் நாலு நம்பர் நேரா நிக்குது. கடைசி மூணு இடது பக்கம் சாயுது. ஒரே ஆள் அடிச்சதில்ல இது."

"அதனால என்ன மாமா? வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"திருட்டு எஞ்சினும் நல்லாத்தான் ஓடும்."

அதோடு விடவில்லை. கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டி, நீலத்துக்கு அடியில் சந்தன நிறம் இருப்பதைக் காட்டினார். "நிறத்த மாத்தியிருக்கான். நம்பர மாத்தியிருக்கான். விலையக் கொறச்சிருக்கான். ஒரு தடவ ஓட்டிக் காட்டுடான்னா, நீங்களே ஓட்டுங்கண்ணான்னு மழுப்புறான். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கிறவன், அவன் வண்டிய அவனே ஓட்டிக் காட்ட ஏன் பயப்படுறான், சொல்லு."

சின்ன மாமாவிடமே கேட்டுவிடலாமே என்றேன். "திருடன்கிட்டயே போய் நீ திருடினியான்னு கேப்பாங்களா?" என்றார். முப்பத்தொரு வருடப் பழக்கம். மீட்டர் சோதனைக்குப் போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் பேச மாட்டார்களாம். பேசினால் அவர் உஷாராகிவிடுவார். முதலில் எழுத்தில் போட்டுவிட்டு அப்புறம்தான் பேச்சு.

அப்படியே எழுத்தில் போட்டார், வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு, மூன்று பிரதிகள். தட்டச்சு செய்து கொடுத்தவன் நான்தான். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவரிடம் மல்லுக்கட்டுவதைவிடத் தட்டச்சிட்டுக் கொடுத்துவிடுவது சுலபம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பத்தாம் நாள் சின்ன மாமாவுக்கு விசாரணை நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. அன்றோடு என் அக்காக்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. தினமும் பதினோரு மணிக்குக் காய் நறுக்கியபடியே போனில் பேசிக்கொள்வார்கள். பெரியக்கா கல்யாணமாகிப் போன நாளிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. அம்மா இறந்த பிறகு எங்களுக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே அந்தப் போன்தான். இப்போது பதினோரு மணிக்குப் பெரியக்கா போனை மேசை மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க சொல்றது தப்பா இருந்துச்சுன்னா என் தங்கச்சி எனக்குத் திரும்பக் கெடைப்பாளா?" என்று கேட்டாள்.

"தப்பா இருந்தாத்தானே!" என்றார் மாமா.

பதிவு அலுவலகத்தில் மாமாவிடமும் ஆதாரம் கேட்டார்கள். காரைச் செய்த தொழிற்சாலையிலிருந்து அதன் பிறப்புச் சரித்திரத்தை வாங்கி வரவேண்டும், பதினைந்து நாள் கெடு. அந்தக் காரிலேயே கிளம்பினோம். நான் ஓட்டினேன். ஆறு மணி நேரப் பயணத்தில் நான் பிரேக் போட்ட போதெல்லாம், "சத்தம் கேட்டியா?" என்றார். எனக்குக் கேட்டதெல்லாம் அவர் சத்தம்தான்.

அந்தத் தொழிற்சாலையில் இப்போது கார் செய்வதில்லை, தண்ணீர் பம்பு செய்கிறார்கள். பின்கட்டில் ஆவண அறை. அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருக்கும் வயது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். எண்ணைச் சொன்னதும் இரும்பு அலமாரியைத் திறந்து இரண்டே நிமிடத்தில் நீளமான ஓர் அட்டையை உருவிக்கொண்டு வந்தார்.

மாமா என் காதில் கிசுகிசுத்தார். "இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கெடைச்சுது? முன்னாடியே எடுத்து வச்சிருக்காங்க."

"நாம வர்றது அவங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அந்தக் கார் என்றைக்குச் செய்யப்பட்டது, எந்த எஞ்சின், எந்த கியர்பெட்டி எல்லாம் அட்டையில் இருந்தது. முதலில் சந்தன நிறம் அடித்து, வாங்கியவர் கேட்டதால் வெளியே அனுப்பும் முன்பே நீலம் அடித்ததும் எழுதியிருந்தது. எஞ்சின் எண் அச்சு அசல். மாமாவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை, பென்சில் படியை எடுத்து நீட்டினார்.

"அப்ப இது ஏன் சாயுது? ரெண்டு பேர் அடிச்சிருக்காங்களே?"

அந்த அம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேர்தான் சார். முதல் நாலு நம்பரைக் காலை ஷிஃப்ட்ல மொத்தமா அடிச்சு வச்சிடுவாங்க. எஞ்சின் சோதனையில பாஸானாத்தான் கடைசி மூணு விழும். இல்லன்னா ஃபெயிலான எஞ்சினுக்கெல்லாம் நம்பர் வீணாப் போகும்ல? அந்தக் கடைசி மூணை அடிச்ச மேசை என்னோடது. வேலைக்குச் சேர்ந்த புதுசு. நான் இடது கைக்காரி, சுத்தியல் அந்தப் பக்கமாத்தான் சாயும். எல்லா நம்பரும் ஒரே வரிசையா நேரா இருந்தாத்தான் சார் நீங்க சந்தேகப்படணும்."

மாமா, அட்டையின் நகலில் கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை அவருடைய வலது கைப் பக்கமாக நீட்டினார். சோதனையாம்! அந்த அம்மாள் அதை இடது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பிரேக் சத்தம் பற்றிப் பேச்சே இல்லை. பாதி வழியில், "மாப்ள, மனுவுல என்ன வார்த்தை போட்டோம்?" என்றார்.

"மோசடின்னு போட்டோம் மாமா."

அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேராகச் சின்ன மாமா வீட்டுக்கு விடச் சொன்னார். சின்னக்கா கதவைத் திறந்தாள், எங்களைப் பார்த்தாள், வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். முன்னறையில், சாலைக் குறியீடுகள் வரைந்த பலகைக்குக் கீழே சின்ன மாமா உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என் மேலதான்," என்றார் சீல் மாமா. இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வண்டியில ஒரு குறையும் இல்ல. நாளைக்கே மனுவை வாபஸ் வாங்கிடுறேன்."

"நேத்தே விசாரணை முடிஞ்சிருச்சுண்ணா."

"என்ன கேட்டாங்க?"

"ஒரு காகிதத்தை நீட்டி, இது உங்க வண்டி நம்பர்தானா, படிங்கன்னாங்க. படிக்க முடியல. செவுத்துல இருக்குற போர்டப் படிக்கச் சொன்னாங்க. அதுவும் முடியல. எனக்கு நடுவுல ஒண்ணுமே தெரியாதுண்ணா, ஓரம் மட்டும்தான் தெரியும். ஓட்டுறத நிறுத்தி எட்டு மாசமாச்சு. ரோட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் போட்டுட்டு, நான் உள்ள உக்காந்து பாடம் மட்டும் எடுத்துக்கிட்டிருந்தேன். பொண்ணு படிப்பு முடியுற வரைக்கும் இப்படியே தள்ளிடலாம்னு பாத்தேன். லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கிட்டாங்க. ஸ்கூலையும் மூடச் சொல்லிட்டாங்க. இவளுக்கே நேத்துதான் தெரியும்."

சீல் மாமா கையிலிருந்த அட்டை நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா," என்றார்.

"சொல்லத்தான் வந்தேன். சாவி கொடுத்த அன்னிக்கு, உங்க வாசல்லயே ஒரு மணி நேரம் நின்னேன். நீங்க வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தீங்க. வெளிய வரவே இல்லண்ணா."