வெறுங்கையோடு வந்தவர்களுக்கு

இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேரை எங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் நான். அண்ணனைப் பற்றி எழுதுமுன் அதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

அண்ணன் நம் மலையின் குண்டனி நாட்டில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. மிளகும் மரவள்ளியும் போட்டு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டோடு வந்து தங்கினார். வாரம் இரண்டு நாள் மலைப்பாதை வளைவுகள் எல்லாம் இறங்கி, நாமக்கல்லில் டயாலிசிஸ். ஊசி போடுவதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே இரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். அது நின்றுவிடக் கூடாது என்றார்கள். காலையில் எழுந்ததும் அடுப்புப் பக்கம் போகமாட்டேன். முதலில் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பேன். பயம், வேறென்ன.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது நம் மலையில் கேவலம். பலா, கொய்யா, மலைவாழை என்று சுமந்து வந்தீர்கள். அந்தப் பழங்களில் இருக்கும் பொட்டாசியம் அண்ணனுக்கு விஷம் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணனுக்கோ, கொண்டுவந்தவர் முகம் வாடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பன், "ஏனுங்க, ஒரு சுளையாவது வாயில போடுங்க" என்றதும் ஆறு சுளை சாப்பிட்டார். மதியத்துக்குள் கால் துவண்டு, நெஞ்சு தாறுமாறாகத் துடித்தது. ஜீப்பில் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் "ஐயோ, போச்சே" என்றுதான் நினைத்தேன்.

பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் கதவைச் சாத்தினேன். "அண்ணன் தூங்குறாருங்க" என்று எத்தனை பொய்! பழம் வரவில்லை, ஆளும் வரவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தார். ஒருநாள் பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னால் அசையவில்லை.

"நான் வரல கண்ணு. யாரும் எட்டிப் பாக்காத ஊட்டுக்குத் திரும்பி வர்றதுக்கா அந்த ஊசி?"

அடுத்த முறையும் போகவில்லை. முகம் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. விடிந்ததும் செல்லப்பன் வீட்டுக்கு ஓடி, வெட்கத்தை விட்டு, "ஒண்ணும் கொண்டுவராம வாங்க சாமி, ஆளா மட்டும் வாங்க" என்று அழுதேன்.

வந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். "வெறுங்கையா வந்துட்டேனுங்க, கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நானும் வாரேன்."

அண்ணன் எழுந்து சட்டையைத் தேடினார்.

அதன்பின் முறை வைத்துக்கொண்டு அண்ணனோடு போனீர்கள். நாலு மணி நேரமும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து மழையையும் ஊர் வம்பையும் பேசினீர்கள். "பயமாத்தான் இருக்குது கண்ணு. ஆனா தனியாப் பயப்படல" என்றார் ஒருமுறை. எனக்கு அந்தப் பயம் கடைசிவரை குறையவேயில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணனின் இதயம் நின்றபோது அவர் கையைப் பிடித்திருந்தது நானல்ல, செல்லப்பன்.

நர்ஸுகளுக்கும், பஸ்ஸில் முன்சீட்டை விட்டுவைத்த கண்டக்டருக்கும், வெறுங்கையோடு வந்த எல்லோருக்கும் என் கும்பிடு. இன்று முதலாண்டுப் படையலில் பலாச்சுளை வைக்க வேண்டும். அதைத் தொடத்தான் இன்னமும் பயம். நீங்களும் பழத்தோடுதான் வந்திருப்பீர்கள். உள்ளே கொண்டுவாருங்கள், அண்ணன் இலையில் வையுங்கள். இனி நான் மறிக்கமாட்டேன்.