மீன் தொட்டிக்கு யூரியா போட்ட மச்சான்

எங்கள் வீட்டில் இருக்கும் மீன் தொட்டி, வேலைக்காகச் சென்னை போன மகள் விட்டுச்சென்றது. அவளுடைய தங்கமீன்கள் எந்தச் செடி வைத்தாலும் தின்று தீர்த்துவிடும். அதனால் கடைக்காரர் சொன்னபடி அனுபியாஸ் செடி வாங்கி, கல்லில் நூலால் கட்டி உள்ளே வைத்தேன். கெட்டி இலை என்பதால் மீன் தொடாது. மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம். ஒரு புது இலை விடத்தான் வாரக்கணக்காகும்.

எழுமலையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன் விவசாயி. அவருக்கு அது பொறுக்கவில்லை. "செடியப் பட்டினி போட்டே கொல்றீகளே மாப்ள!" என்றார். நான் சிரித்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். அவர், மாடி ரோஜாவுக்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த யூரியாவில் ஒரு கை அள்ளித் தொட்டிக்குள் போட்டுவிட்டார். மறுநாள் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "பாவம் பாத்துத்தான போட்டாரு. எங்கண்ணன ஒரு வார்த்த சொல்லிறாதீக."

சொல்லவில்லை. மகளுக்குப் போன் செய்து சொல்வது மட்டும் என் தலையில் விழுந்தது. அவள் அழுதது எனக்குத்தான் கேட்டது. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மச்சான், "மீனுதான மாப்ள, வேற வாங்கிக்கிருவோம்" என்றார்.

தொட்டியைக் கழுவி, அதே செடியோடு புது மீன்களை விட்டிருக்கிறேன். இப்போது மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. போன வாரம் வந்த மச்சான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மீனப் போயி யாரு மாப்ள களவாங்கப் போறா?"