நாலு மணி ஃபைனல், ஒரு மணிக்கு

வியாசர்பாடியில் ஒரு கால்பந்து ஃபைனல் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. போன ஞாயிறுதான் வாய்த்தது. சுவரொட்டியில் மாலை நான்கு மணி என்று போட்டிருந்தது. மதியம் அந்தப் பக்கம் பிரியாணி சாப்பிடலாம் என்று தாம்பரத்திலிருந்து முன்னதாகவே கிளம்பிவிட்டேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலில் புறநகர் ரயில் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் வியாசர்பாடி ஜீவா. டிக்கெட் செலவு ஒரு சாப்பாட்டுக்குக்கூட வராது.

ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் மடக்கினார். "கிரவுண்டுக்கா சார்? ஏறு. ஒரு மணிக்கே ஸ்டார்ட் பண்றாங்கோ. டிவிக்காரன் டைம மாத்திட்டான்."

அவசரப்படுத்திச் சவாரி பிடிக்கிறார் என்றே நினைத்தேன். முப்பது ரூபாய் கேட்டார். மறுத்துவிட்டு நடந்தேன், பத்து நிமிடம்தான். போய்ப் பார்த்தால் இரண்டு அணியும் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்ற மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

பந்தலில் இருந்த விழாக்குழுச் செயலாளரிடம் காரணம் கேட்டேன். "சாயங்காலம் வெளிச்சம் பத்தாது சார்" என்றார். கோடையில், நான்கு மணிக்கு! கேமராக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். நான்கு மணிக்கு அவர்களுடைய கேபிள் சேனலில் புதுப்படம் போடுகிறார்களாம்.

ஆட்டம் தொடங்கியபோது இருநூறு பேர்கூட இல்லை. நிழல் பார்த்து உட்கார்ந்திருந்த எங்களைச் சேனல் ஆள் ஒருவர் எழுப்பி எதிர்ப்பக்கம் அனுப்பினார். "அங்க ஒக்காந்தாத்தான் சார் கூட்டம் மாதிரி தெரியும்." வெயிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். டிவியில் மைதானம் நிரம்பி வழிந்திருக்கும்.

உள்ளூர் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. கடைசி நேரப் பெனால்டியை கோல்கீப்பர் தாஸ் பாய்ந்து தடுத்தான்.

கேமரா வண்டி கிளம்பிப் போன பிறகுதான் உண்மையான கூட்டம் வந்தது. காலை ஷிப்ட் முடித்த துறைமுகத் தொழிலாளர்கள், பையும் கையுமாகப் பெண்கள். அந்தப் பெண்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். "இன்னா சார், இன்னும் ஆரம்பிக்கலியா?"

"முடிஞ்சிடுச்சும்மா."

அவர் செல்வி, தாஸின் அக்கா. ராயபுரத்தில் இறால் கம்பெனியில் வேலை. ஞாயிறு அரைநாள் என்பதால் தம்பி ஆடுவதை முதல்தடவையாகப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். நேரம் மாறியது தாஸுக்கே காலையில்தான் தெரியும். கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம்.

நேரே செயலாளரிடம் போனார். "யாரக் கேட்டு மாத்தினீங்கோ?"

"இன்னாம்மா, ஊரே டிவில பாத்துச்சு."

"ஊரு பாத்துச்சு. நா பாக்கல."

செயலாளர் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார். பெனால்டியை நான் செல்விக்கு விவரித்தேன். "எந்தப் பக்கம் வுழுந்தான்?" என்று இரண்டு முறை கேட்டார். இடப்பக்கம் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சுவரொட்டியை நம்பாதீர்கள். அன்று காலை மைதானத்துப் பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். 'வெளிச்சம்', 'மழை' என்று காரணம் சொன்னால், அந்த நேரத்துக்கு டிவியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். தொப்பி அவசியம்.

அடுத்த ஃபைனலுக்குச் செல்வி சம்பளம் போனாலும் முழுநாள் லீவு போடப் போகிறார். கிளம்பும்போது கேட்டார். "டைமத்தான சார் மாத்துவாங்கோ? நாள மாத்த மாட்டாங்கோ இல்ல?"